பஞ்சர் ஆனாலும் ஓடும் ‘ரன்-ஃபிளாட்’ டயர்: ஸ்போர்ட்ஸ் காருக்கு வரமா, வீண் செலவா?

முகூர்த்த சீசன் வந்துவிட்டால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கல்யாணப் பட்டு எடுக்கச் சென்னையில் இருந்தும் பெங்களூருவில் இருந்தும் வருகிற வண்டிகளில் ஸ்விஃப்ட், இன்னோவாவுக்கு நடுவே பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் கார்களையும் இப்போது சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். எப்போதாவது தரையோடு தரையாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் வரும். அப்படிப்பட்ட கார்கள் சிலவற்றின் டிக்கியைத் திறந்தால் ஒரு பொருள் மட்டும் இருக்காது. அது ஸ்டெப்னி.

ஸ்டெப்னி இல்லாமல் எந்தத் தைரியத்தில் நெடுஞ்சாலைக்கு வருகிறார்கள்? அந்தத் தைரியத்தைக் கொடுப்பவற்றில் முக்கியமானது ‘ரன்-ஃபிளாட்’ டயர். காற்று முழுக்க இறங்கிப் போனாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் ஓடும் என்பதுதான் இதன் வாக்குறுதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த டயர் போட்ட காரை வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர் ‘இனி சாதா டயரே போதும்’ என்று மாற்றிக்கொள்கிறார்கள். இன்னொரு பகுதியினர் ‘ராத்திரியில் ஹைவேயில் நிற்காமல் வீடு வந்து சேர்ந்ததே இதனால்தான்’ என்கிறார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஐ.டி. வேலைக்குப் போய் சில ஆண்டுகளில் ‘ஒரு செகண்ட் ஹேண்ட் பீமர் வாங்கிடலாமா?’ என்று யோசிப்பவர்களுக்கு இது வெறும் டெக்னிக்கல் சந்தேகம் அல்ல. காரை வாங்கிய பிறகு வரப்போகும் பெரிய செலவுகளில் ஒன்று இது.

ஸ்டெப்னி எங்கே போனது?

‘ஸ்டெப்னி’ என்ற சொல்லே ஒரு தெருவின் பெயர். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு இருக்கிறது. அங்கே டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் கார்களுக்கான மாற்றுச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள். அதுவரை கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கொடுக்கும் வழக்கமே கிடையாது. அந்த வணிகப் பெயர் பிரிட்டனில் மறைந்துவிட்டது. நம் ஊர் மெக்கானிக் ஷெட்டுகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டெப்னிக்கு இரண்டு பிரச்சினைகள். முதலாவது இடம். இந்தக் கார்களின் சக்கரங்கள் பெரியவை, அகலமானவை. பல கார்களில் முன்சக்கரம் ஓர் அளவு, பின்சக்கரம் வேறு அளவு. அதனால் ஒரே ஒரு ஸ்டெப்னி நான்கு இடத்துக்கும் பொருந்தாது. இரண்டாவது எடை. ஒவ்வொரு கிலோவையும் பார்த்துப் பார்த்துக் குறைக்கும் என்ஜினீயர்கள், எப்போதாவது தேவைப்படும் ஒரு சக்கரத்தையும் ஜாக்கியையும் எப்போதும் சுமந்து திரிய விரும்புவதில்லை.

இந்தியாவில் சட்டமும் இதற்கு வழிவிட்டது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூப்லெஸ் டயர், டயர் ரிப்பேர் கிட், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் டி.பி.எம்.எஸ். ஆகியவை இருந்தால் பயணிகள் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றது அந்தத் திருத்தம்.

ரன்-ஃபிளாட் எப்படி வேலை செய்கிறது?

சாதாரண டயரில் காரின் எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்றுதான். காற்று போய்விட்டால் டயரின் பக்கச்சுவர் மடிந்து நசுங்கும். ரிம் அதன்மேல் ஏறி உட்காரும். அப்படியே ஓட்டினால் சில நூறு மீட்டருக்குள் டயர் கந்தலாகிவிடும். சில சமயம் ரிம்மை விட்டே கழன்றுவிடும்.

ரன்-ஃபிளாட் டயரில் இந்தப் பக்கச்சுவருக்கு உள்பக்கம் வெப்பத்தைத் தாங்கும் கெட்டியான ரப்பர் பட்டை வைக்கப்பட்டிருக்கும். காற்று போனாலும் சுவர் மடியாது. தூண் போல நின்று காரைத் தாங்கும். இன்று விற்பனையில் உள்ள ரன்-ஃபிளாட் டயர்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

இன்னொரு முறையும் உண்டு. டயருக்குள்ளே ரிம்மைச் சுற்றி ஒரு கெட்டி வளையம் இருக்கும். காற்று இறங்கினால் டயர் அந்த வளையத்தின் மேல் உட்கார்ந்து ஓடும். ராணுவ வண்டிகளிலும் குண்டு துளைக்காத கார்களிலும் இந்த வளைய முறை பயன்படுகிறது.

அப்படியென்றால் 80 கி.மீ. என்ற வரம்பு ஏன்? காற்றில்லாத டயர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது. அப்படி வளைய வளைய ரப்பர் சூடாகும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூடே டயரின் உள் அடுக்குகளைப் பிரித்துவிடும். வேகம் கூடினால் சூடு கூடும், பாரம் கூடினாலும் சூடு கூடும். டயர்களுக்கான ஐ.நா. விதி எண் 30, காற்றில்லாத நிலையில் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரத்துக்கு அடிப்படை வேலையைச் செய்வதே ரன்-ஃபிளாட் என்று வரையறுக்கிறது. வரம்புக்கு மேல் ஒரு மீட்டர்கூட ஓடாது என்று இதற்கு அர்த்தமில்லை. வரம்புக்கு மேல் யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

டி.பி.எம்.எஸ். இல்லாமல் ரன்-ஃபிளாட் டயர் போடக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. சாதா டயரில் பஞ்சர் ஆனால் ஸ்டீயரிங் இழுக்கும், வண்டி ஆடும், டிரைவருக்கே தெரிந்துவிடும். ரன்-ஃபிளாட் டயரில் பஞ்சர் ஆனதே தெரியாது. இறங்கிக் கண்ணால் பார்த்தால்கூட டயர் சப்பையாகத் தெரியாது. டேஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் விளக்கு மட்டும்தான் துப்பு. அதைப் பார்க்காமல் 120-ல் பறந்தால் 80 கி.மீ. வாக்குறுதி செல்லாது.

காஞ்சிபுரத்தில் பஞ்சர் ஆனால்: 80 கி.மீ. கணக்கு

விளம்பரத்தில் 80 கி.மீ. என்று படிப்பது வேறு, மேப்பில் வைத்துப் பார்ப்பது வேறு.

காஞ்சிபுரத்தில் இருந்து சென்னை சுமார் 75 கி.மீ., வேலூர் சுமார் 70 கி.மீ. ஆக, பொன்னேரிக்கரைக்குப் பக்கத்தில் ஆணி ஏறினால், நிதானமாக ஓட்டிச் சென்னைக்குள் வந்துவிடலாம். பெரிய டயர் ஷோரூம்கள், கம்பெனி சர்வீஸ் சென்டர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சென்னையில் இருந்து சுமார் 55 கி.மீ. தூரத்தில் உள்ள மாமல்லபுரத்துக்கு ஞாயிறு காலையில் ஈ.சி.ஆர். வழியாக ஒரு டிரைவ் போய் வருபவர்களுக்கும் இந்தக் கணக்கு சரியாக வரும்.

இதே பெங்களூரு நெடுஞ்சாலையில் இன்னும் மேற்கே போய் ஆம்பூரில் பஞ்சர் ஆனால்? அங்கிருந்து சென்னையும் 80 கி.மீ.க்கு அப்பால், பெங்களூருவும் 80 கி.மீ.க்கு அப்பால். வேலூர் வரை வரலாம். ஆனால் உங்கள் காருக்கான அதே அளவு ரன்-ஃபிளாட் டயர் அங்கே ஸ்டாக் இருக்குமா என்பது அதிர்ஷ்டம்தான். இல்லையென்றால் ஃபிளாட்பெட் லாரியில் காரை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

பாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பி.எம்.டபிள்யூ தன் பழைய 3 சீரிஸ், 5 சீரிஸ் மாடல்களின் கையேட்டில் இதை விளக்கமாகவே சொல்லியிருந்தது. ஓரிருவர் மட்டும், லக்கேஜ் இல்லாமல் போனால் சுமார் 250 கி.மீ. வரை ஓடலாம். நான்கு பேர் இருந்தால் சுமார் 150 கி.மீ. நான்கு பேரோடு டிக்கியும் நிறைந்திருந்தால் சுமார் 50 கி.மீ. மட்டும். அதாவது, குடும்பத்தோடு வந்து டிக்கி நிறையப் பட்டுப் புடவையும் வேட்டியும் எடுத்துக்கொண்டு திரும்பும் அதே கார், காற்றில்லாமல் காஞ்சியில் இருந்து சென்னை போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. கத்திரி வெயிலில் தார் ரோடு கொதிக்கும்போது இன்னும் ஜாக்கிரதை தேவை.

நன்மைகள் என்னென்ன?

*பாதுகாப்பு.* முதலில் சொல்ல வேண்டிய நன்மை இதுதான். அதிவேகத்தில் திடீரென்று காற்று இறங்கினாலும் டயர் ரிம்மை விட்டுக் கழலாது. ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கட்டுப்பாட்டில் இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் சராசரிக் காரைவிட வேகமாகப் போகும் என்பதால் இது அற்ப விஷயம் அல்ல.

*ரோட்டோரம் நிற்க வேண்டாம்.* நெடுஞ்சாலை ஓரத்தில் ஜாக்கி போட்டு டயர் மாற்றுவது ஆபத்தான வேலை. பின்னால் வரும் லாரி டிரைவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இரவில், மழையில், தனியாக ஓட்டுபவர்களுக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் ‘வண்டியை நிறுத்தாமல் ஒரு பாதுகாப்பான இடம் வரை போகலாம்’ என்பதே பெரிய நிம்மதி.

*இடமும் எடையும் மிச்சம்.* ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் இருந்த இடத்தை டிக்கிக்கோ, பேட்டரிக்கோ, சஸ்பென்ஷனுக்கோ பயன்படுத்தலாம்.

*கூர்மையான ஸ்டீயரிங்.* கெட்டியான பக்கச்சுவர் வளைவுகளில் அவ்வளவாக நெளியாது. ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனே கார் திரும்பும். சில டிரைவர்களுக்கு இந்த உணர்வு பிடிக்கும்.

குறைகள் என்னென்ன?

*குலுக்கல்.* ரன்-ஃபிளாட் மீதான முதல் புகார் எப்போதும் இதுதான். ஸ்போர்ட்ஸ் கார் டயரின் பக்கச்சுவர் ஏற்கெனவே குட்டை. ஒரு சாதாரணக் காரில் வரும் 185/65 ஆர்15 டயரின் சுவர் உயரம் சுமார் 120 மி.மீ. 245/35 ஆர்19 டயரின் உயரம் சுமார் 86 மி.மீ. மட்டும். பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சியை உள்வாங்க வேண்டியது இந்தச் சுவர்தான். குட்டையான அந்தச் சுவரைக் கெட்டியாகவும் ஆக்கிவிட்டால் அதிர்ச்சி நேராக ரிம்முக்கும், சஸ்பென்ஷனுக்கும், கடைசியில் முதுகுக்கும் போகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நம் ஊர் ரோடுகள் இருக்கும் நிலையில் அலாய் ரிம் வளைவது, விரிசல் விடுவது, டயர் பக்கவாட்டில் கொப்பளம் போல வீங்குவது எல்லாம் நடக்கும். அண்மைக்காலத் தலைமுறை டயர்கள் பழையவற்றைவிட மென்மையானவை. ஆனாலும் வித்தியாசம் முழுக்கப் போய்விடவில்லை.

*சக்கரத்தின் எடை.* ஸ்டெப்னியை எடுத்ததால் டிக்கியில் எடை குறைந்தது. ஆனால் ரன்-ஃபிளாட்டின் கூடுதல் ரப்பரால் நான்கு சக்கரங்களிலும் எடை ஏறியது. ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. டிக்கியில் இருக்கும் கிலோ சும்மா உட்கார்ந்து வரும். சக்கரத்தில் இருக்கும் கிலோவைச் சுழற்றவும் வேண்டும், மேடுபள்ளத்தில் மேலும் கீழும் ஆட்டவும் வேண்டும். சஸ்பென்ஷனுக்குக் கீழே எடை கூடக் கூட டயர் ரோட்டைக் கவ்விப் பிடிப்பது குறையும்.

*பஞ்சர் கடையில் முடியாது.* சாதாரண டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் நூறு, இருநூறு ரூபாயில் ஸ்ட்ரிப் போட்டு அனுப்பிவிடுவார்கள். சுங்குவார்சத்திரத்திலும் கிடைக்கும், வாலாஜாபேட்டையிலும் கிடைக்கும். ரன்-ஃபிளாட் என்றால் ‘நம்மகிட்ட வேணாம் சார், கம்பெனிக்கே கொண்டுபோங்க’ என்று கையை விரிக்க வாய்ப்பு அதிகம். அதில் தவறில்லை. இந்தக் கெட்டி டயரைக் கழற்றி மாட்டக் கூடுதல் கை வைத்த மெஷின் வேண்டும். கடப்பாரை போட்டு நெம்பினால் டயரின் விளிம்பும், வால்வோடு சேர்ந்திருக்கும் டி.பி.எம்.எஸ். சென்சாரும் உடையலாம்.

ஒட்டலாமா கூடாதா என்பதிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் நிலைப்பாடு மாறுகிறது. காற்றில்லாமல் ஓடிய டயரை மாற்றிவிடுங்கள் என்பதே பொதுவான அறிவுரை. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே சூட்டில் என்ன சேதம் ஆகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம். ஆக, ஒரு சின்ன ஆணிக்காக ஒரு முழு டயரின் விலையைக் கொடுக்க நேரலாம்.

*விலையும் கிடைப்பதும்.* அதே அளவு, அதே தரச் சாதா டயரைவிட ரன்-ஃபிளாட்டின் விலை பொதுவாக அதிகம். அதைவிடப் பெரிய தலைவலி கேட்ட உடனே கிடைக்காதது. 2020 ஜூன் 12 அன்று மத்திய அரசு கார் டயர் உள்பட சில வகைப் புதிய டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு இறக்குமதிக்கு உரிமம் தேவை. உள்நாட்டில் அதிகம் தயாராகாத அளவுகளுக்குத்தான் இது கூடுதல் சிக்கல்.

*இன்சூரன்ஸ்.* இந்தியாவின் வழக்கமான மோட்டார் பாலிசியில், விபத்தில் வண்டிக்கும் சேர்த்துச் சேதம் ஆனால் மட்டும்தான் டயருக்குப் பணம் வரும். அதுவும் மாற்றுச் செலவில் பாதிதான். பள்ளத்தில் விட்டு டயர் மட்டும் வீங்கினால் ஒன்றும் வராது. டயருக்கென்று தனியாக ‘ஆட்-ஆன்’ எடுத்திருந்தால்தான் உண்டு.

ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனங்கள் என்ன செய்கின்றன?

இந்த யோசனை புதியதல்ல. 1970-களிலேயே டன்லப் நிறுவனம் ‘டெனோவோ’ என்ற டயரைக் கொண்டுவந்தது. 1980-களில் வந்த போர்ஷே 959 காரில் காற்றில்லாமலும் ரிம்மை விட்டுக் கழலாத டயரும் காற்றழுத்தக் கண்காணிப்பும் சேர்ந்தே இருந்தன. அமெரிக்காவின் செவ்ரோலே கார்வெட் 1994-ல் குட்இயர் ரன்-ஃபிளாட் டயரை ஆப்ஷனாகக் கொடுத்தது. 1997-ல் வந்த அடுத்த தலைமுறைக் கார்வெட்டில் ஸ்டெப்னியையே எடுத்துவிட்டு ரன்-ஃபிளாட்டை நிரந்தரமாக்கியது. நிஸான் ஜி.டி-ஆர் ஆர்35 காரும் ரன்-ஃபிளாட்டோடுதான் வந்தது. அதிவேகக் காருக்கு இந்த டயர் சரிப்பட்டு வராது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது என்பதற்கு இவை உதாரணம்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. ரன்-ஃபிளாட்டைச் சாதாரண மாடல்கள் வரை பரவலாகக் கொண்டுவந்த நிறுவனங்களில் முன்னணியில் இருப்பது பி.எம்.டபிள்யூ. அதன் சென்னைத் தொழிற்சாலை 2007-ல் சிங்கப்பெருமாள் கோவிலில் திறக்கப்பட்டபோது அந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது (2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது). அங்கிருந்து வெளிவந்த பல கார்கள் ரன்-ஃபிளாட் டயரோடுதான் ரோட்டுக்கு வந்தன. ஆனால் அதே நிறுவனத்தின் எம்3, எம்4 போன்ற அசல் பெர்ஃபாமென்ஸ் கார்களில் சாதா டயரும் ரிப்பேர் கிட்டும்தான். ஓட்டும் சுகம் முதலில், பஞ்சர் கவலை அப்புறம் என்பது அங்கே எடுத்த முடிவு.

ரேஸ் டிராக்கிலும் இதே கதைதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சுமார் 3.7 கி.மீ. நீளப் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே ஒரு காருக்குப் பஞ்சர் ஆனால் அடுத்த நிமிடம் பிட்டுக்குள் வந்துவிடலாம். மாற்று டயரும் மெக்கானிக்கும் தயாராக இருப்பார்கள். 80 கி.மீ. ஓட வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் அதற்கான எடையை யார் சுமப்பார்கள்? ரோட்டில் ஓடும் காருக்குப் பின்னால் பிட் குழு வருவதில்லை. ரன்-ஃபிளாட் அந்தக் குழுவின் வேலையில் கொஞ்சத்தைச் செய்கிறது, அவ்வளவுதான்.

டயர் நன்றாக இருந்தும் கடைகள் தயாராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிஷெலினின் ‘பாக்ஸ்’ ஒரு பாடம். மேலே சொன்ன வளைய முறையில் வந்த டயர் அது. அமெரிக்காவில் ஹோண்டா ஒடிஸி குடும்பக் காரின் உயர்ரக மாடலில் 2005-ல் வந்தது. மாற்றும் வசதி கொண்ட கடைகள் குறைவு, டயர் விலை அதிகம் என்று உரிமையாளர்கள் வழக்குத் தொடுக்கும் அளவுக்குப் போனார்கள். பிறகு மிஷெலினும் அந்த முறையை மேற்கொண்டு வளர்க்காமல் விட்டுவிட்டது.

வேறு வழிகள் என்ன?

*ரிப்பேர் கிட்:* டயருக்குள் ஒரு திரவத்தைச் செலுத்தி ஓட்டையை அடைத்து, சின்ன ஏர் கம்ப்ரஸரால் காற்றடிப்பது. ட்ரெட் பகுதியில் ஆணி ஓட்டை என்றால் போதும். பக்கச்சுவர் கிழிந்தால் பயன்படாது. திரவத்துக்குக் காலாவதித் தேதி உண்டு, பார்த்து வைக்க வேண்டும்.

*தானே அடைத்துக்கொள்ளும் டயர்:* உள்பக்கம் பிசின் போன்ற ஒரு படலம் இருக்கும். ஆணி குத்தினால் பிசின் சூழ்ந்துகொண்டு காற்றை விடாது. கான்டினென்டல், பிரெல்லி, மிஷெலின் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. சாதா டயரின் மென்மை இதில் இருக்கும். ஆனால் இதுவும் ட்ரெட்டில் விழும் சின்ன ஓட்டைக்கு மட்டும்தான்.

*ஸ்பேஸ்-சேவர்:* ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி. டிக்கியில் இடம் இருந்தால் நம் ரோடுகளுக்கு இதுவே எளிய தீர்வு. இதற்கும் பொதுவாக 80 கி.மீ. வேகக் கட்டுப்பாடு உண்டு.

செகண்ட் ஹேண்டில் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘ஆர்.எஃப்.டி.’, ‘ஆர்.எஸ்.சி.’, ‘எஸ்.எஸ்.ஆர்.’, ‘இசட்.பி.’, ‘ஆர்.ஓ.எஃப்.’, ‘எம்.ஓ.இ.’ ஆகிய குறிகளில் ஒன்று இருந்தால் அது ரன்-ஃபிளாட். நான்கு டயரும் ஒரே ரகமா என்று பாருங்கள். இரண்டு ரன்-ஃபிளாட், இரண்டு சாதா என்று கலந்து போட்டிருந்தால் காரின் நடத்தையே கோணலாகிவிடும்.
* தயாரிப்புத் தேதிக்கான நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 3521 என்றால் 2021-ம் ஆண்டின் 35-வது வாரம். ட்ரெட் நிறைய இருந்தாலும் வயதான ரப்பர் வயதானதுதான்.
* காரை லிஃப்ட்டில் ஏற்றி ரிம்மின் உள்விளிம்பைப் பாருங்கள். வளைவும் விரிசலும் வெளிப்பக்கம் தெரியாது.
* டி.பி.எம்.எஸ். விளக்கு சாவி போட்டதும் எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.
* நான்கு டயரின் விலையை முன்கூட்டியே கேட்டு, அதைக் காரின் விலையோடு கூட்டிப் பேரம் பேசுங்கள். வாங்கிய ஆறாவது மாதம் அதிர்ச்சி அடைவதைவிட இது மேல்.

சாதா டயருக்கு மாறலாமா?

மாறலாம். நிறையப் பேர் மாறுகிறார்கள். குலுக்கல் குறையும், செலவும் குறையும். ஆனால் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அளவு, பாரம் தாங்கும் எண், வேகக் குறியீடு மூன்றும் கம்பெனி சொன்னதற்குக் குறையக் கூடாது. டி.பி.எம்.எஸ். சென்சாரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். காரின் சஸ்பென்ஷன் ரன்-ஃபிளாட்டுக்காகவே டியூன் செய்யப்பட்டிருந்தால், மாற்றிய பிறகு ஸ்டீயரிங் கொஞ்சம் சோம்பலாகத் தோன்றும். வாரன்டி காலத்தில் இருக்கும் காருக்கு முதலில் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

முக்கியமாக, ஸ்டெப்னி இல்லாத காரில் ரன்-ஃபிளாட்டையும் எடுத்துவிட்டால் கையில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். ரிப்பேர் கிட், கம்ப்ரஸர், ஸ்ட்ரிப் ஆகியவற்றை வாங்கி டிக்கியில் வைத்த பிறகுதான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.

யாருக்கு எது பொருந்தும்?

பெரும்பாலும் சென்னைக்குள்ளேயே, அதிகம் போனால் காஞ்சிபுரம், மாமல்லபுரம் வரை ஓட்டுபவருக்கு 80 கி.மீ. என்ற வாக்குறுதி உண்மையிலேயே பயன்படும். போய்ச் சேரும் இடத்தில் டயரும் மெஷினும் இருக்கின்றன. ராத்திரிப் பயணம் அதிகம், தனியாக ஓட்டுவது அதிகம் என்றால் ரன்-ஃபிளாட்டை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். குலுக்கலையும் கூடுதல் செலவையும் அதற்கான பிரீமியம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

வாரம் தவறாமல் சென்னை-பெங்களூரு, சென்னை-மதுரை என்று நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு, பஞ்சர் ஆகும் இடத்தில் இருந்து 80 கி.மீ.க்குள் சரியான டயர் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. சாதா டயரும் ஸ்பேஸ்-சேவரும், அல்லது தானே அடைத்துக்கொள்ளும் டயரும் ரிப்பேர் கிட்டும் அவருக்கு வசதி. வழியில் எந்த ஊர்ப் பஞ்சர் கடையும் உதவும். வளைவுகளில் விரட்டி ஓட்டுவதற்கென்றே ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவரும் இந்தப் பக்கம்தான் சாய்வார்.

எந்த டயர் போட்டிருந்தாலும் மாதம் இரண்டு முறை காற்றழுத்தம் பார்க்கும் பழக்கம் வேண்டும். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால், ரன்-ஃபிளாட்தானே என்று அலட்சியப்படுத்தாமல் வேகத்தை 80-க்குக் கீழே இறக்குங்கள். பிறகு காரில் எத்தனை பேர், எவ்வளவு சாமான், அடுத்த பெரிய ஊர் எத்தனை கி.மீ. என்று கணக்குப் போட்டு, மேலே போவதா, வண்டி நிறுத்தத் தோதான இடத்தில் நின்றுவிடுவதா என்று முடிவெடுங்கள்.